யானைச்சுவடியும் நீங்களும்

அன்புள்ள மேத்யூ ஃபாதர்,

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. 2004-இல் நீங்கள் காலமானபோது, கொல்லிமலையில் காலடியில் கிடக்கும் செடியைக் குனிந்து பார்க்கும் பழக்கம்கூட எனக்கு இல்லை. ஆனாலும் இந்த நன்றி உங்களுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

எங்கள் மலையில் மரத்தடி நிழலில் தரையோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும் ஒரு செடி உண்டு. யானை மிதித்துப்போன தடம் மாதிரி இலைகள் வட்டமாகப் பரந்திருக்கும். விறகுக்கு வந்த மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருவர்தான் எனக்குக் காட்டினார். "தொட்டுப் பாரு சாமி, சொரசொரன்னு இருந்தா யானைச்சுவடி" என்றார். வீட்டில் வளர்க்க ஆசை வந்தது. கீழே ஒரு மூலிகைக் கடையில் விதை கேட்டேன். பொட்டலத்தைப் பிரித்தால் யானை நெருஞ்சியின் முள்காய்! பெயரில் யானை இருந்ததைத் தவிர வேறு உறவே இல்லை.

அப்போதுதான் நண்பர் வீட்டு அலமாரியில் உங்கள் புத்தகத்தைப் பார்த்தேன். 1967-இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராப்பினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கி, காடு மேடெல்லாம் செடி சேகரித்து, 1981 முதல் தொகுதி தொகுதியாக நீங்கள் கொண்டுவந்த, தமிழ்நாட்டின் கர்நாடகச் சமவெளித் தாவர நூல். சமவெளி என்றாலும் எங்கள் கொல்லிமலையும் அதற்குள் இருந்தது. எங்கள் காட்டையும் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது, ஃபாதர்.

யானைச்சுவடி சூரியகாந்திக் குடும்பம் என்று அதில் படித்ததை முதலில் நம்ப முடியவில்லை. சூரியகாந்திபோல் சுற்றிலும் இதழ் எங்கே? ஒரு பூங்கொத்தைப் பறித்து, பிளேடும் கைலென்ஸுமாகத் திண்ணையில் உட்கார்ந்தேன். இதய வடிவில் மூன்று இலைகள் கிண்ணம்போல் தாங்கியிருந்தன. உள்ளே நெருக்கமாகச் சின்னச் சின்னத் தலைகள். ஒவ்வொன்றிலும் நான்கே நான்கு பூ. ஊதாநிறப் பூ ஒருபக்கம் கிழிந்து, விரித்த உள்ளங்கை மாதிரி ஐந்து விரலோடு நின்றது. முற்றிய விதையின் உச்சியில் விறைப்பான ஐந்து முடி. நான் ஒரு பூ என்று நினைத்தது ஒரு கூட்டம். அந்தக் குடும்பத்தின் அடையாளமே அதுதானே!

1690-இல் வெளிவந்த ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற தாவர நூலின் பத்தாம் தொகுதியிலேயே இது 'ஆனச்சுவடி' என்ற மலையாளப் பெயரோடு இருக்கிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் எலிஃபன்டோபஸ் ஸ்கேபர் என்றார்: யானைக்கால், சொரசொரப்பு. பாட்டி விரலால் சொன்னதும் அதுவேதான்.

வளர்ப்பதில் முதல் தப்பு என்னுடையது. காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வந்தேன். நார்நாரான வேரில் பாதி மண்ணிலேயே அறுந்து நின்றுவிட்டது. ஒரே வாரத்தில் இலை கருகிப் போயிற்று. அந்தச் செடிக்கு நான் செய்தது அநியாயம். அதன்பிறகு காய்ந்த கொத்துகளை மட்டும் எடுத்து வந்து கசக்கினேன். நகத்தில் அழுத்தினால் பல விதை பதர். கெட்டியானதை மட்டும் பொறுக்கி, பலா மரத்தடி இலைமக்கை மண்ணோடு கலந்து, மேலாகத் தூவி, கையால் தண்ணீர் தெளித்தேன். பதினோரு கன்று தேறியது. அடர்நிழலில் வைத்தவை இலையை மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. வெயில் வந்துபோகும் இடத்தில் உள்ளவைதான் தடம் பதித்ததுபோல் தரையில் ஒட்டிக்கொண்டன.

கார்த்திகையில் அவற்றுள் ஒன்று பூத்தது. பாட்டி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் இலையை மெல்லத் தடவிப் பார்த்து, "அதுதான்" என்றார்.

அந்தச் செடியின் ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தியிருக்கிறேன். இடம், தேதி, பலா நிழல் எல்லாம் குறித்தாயிற்று. காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால், பூ ஊதா என்று இன்றைக்கே எழுதிவிட்டேன், ஃபாதர்.


கொல்லிமலையிலிருந்து உங்கள் வாசகர்