திருச்சியிலிருந்து பலாலிக்கு

ஏடிஆர் விமானத்தில் பயணிகள் பின்வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். திருச்சியில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கவனித்தது ஜன்னலைத்தான். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதையும் மறைப்பதில்லை. பாக் நீரிணையைப் பார்த்துக்கொண்டே கடக்க இதைவிட நல்ல விமானம் வேண்டாம்.

திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் நேர்கோடு போட்டால் சுமார் 185 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னை இதைவிட நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடிய விமானத்துக்கு 22 நிமிடம் போதும். ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், உயரம் ஏறுவதும், வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேராகத் திரும்புவதும் அதில் அடக்கம். இவ்வளவு குறுகிய தடத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். ஏறி முடித்தோம் என்று நினைப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும்வரை முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வழியில் பாதி நிலம், பாதி கடல். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் முடிந்ததும் கரையோர உப்பளங்கள், அப்புறம் ஆழமில்லாத வெளிர்பச்சைத் தண்ணீர்.

பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா, மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்.

"முந்தியெண்டா கொழும்பாலதான் சுத்தி வாறது, தம்பி. அங்கயிருந்து இரவு பஸ். வீட்டை வர விடிஞ்சிடும்."

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் தரைவழியாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர். எதிர்க்கரையில் இருக்கும் ஊருக்கு, தீவின் தெற்கே போய் இறங்கி மறுபடி வடக்கே ஏற வேண்டியிருந்தது. இலங்கையின் பழைய விமான நிறுவனமான ஏர் சிலோன் காலத்தில் பலாலியிலிருந்து திருச்சிக்கு நேராகவே விமானம் போனது. பின்னர் அந்தத் தொடர்பு அறுந்தது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, அடுத்த மாதம் சென்னை விமானம் வந்தது. திருச்சிக்கு நேரடி விமானம் 2025 மார்ச் கடைசியில்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட வருடங்களில் எத்தனை சாவு வீடுகளுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போயிருக்கும்!

பலாலியில் படியிறங்கி, வெயிலில் நடந்துதான் முனையத்துக்குப் போகிறோம். சின்னக் கட்டடம். வேலிக்கு அப்பால் செம்மண், பனைகள். யாழ் நகரம் இன்னும் பதினாறு கிலோமீட்டர் போல இருக்கிறது.

இங்கே பயன்படும் ஓடுபாதை ஏறக்குறைய 1,400 மீட்டர்தான். அதனால்தான் ஏடிஆர் போன்ற விசிறி விமானங்களே வருகின்றன. பெரிய ஜெட் வர வேண்டுமென்றால் நீட்ட வேண்டும். நீட்ட வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் சுற்றியிருக்கும் மண், 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் தோட்டமும் வீடும் இருந்த மண். ராணுவம் வைத்திருந்த அந்த நிலத்தில் ஒரு பகுதியை விடுவித்துவிட்டார்கள். மீதிக்காக இன்றும் மக்கள் உறுதிப் பத்திரத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மீட்டர் நீட்டுவதானாலும் முதலில் அவர்களிடம் பேச வேண்டும். அதுவரை இந்தச் சிறிய விமானமே தினமும் வந்து போகட்டும்.