குன்றலும் பிறப்பும்

'குன்றல்' என்னும் சொல்லைத் தமிழ் பயில்வோர் தாழ்வு என்றே கொள்வர். உயிரியலாரோ பிறப்பின் தலைவாயிலுக்கே 'குன்றல் பகுப்பு' எனப் பெயரிட்டுள்ளனர். நாங்கள் அறிந்தவரை, கலைச்சொற்களில் இத்துணைப் பொருத்தமாய் அமைந்தவை சிலவே.

மனித உடற்செல்லில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. தந்தைவழி 23, தாய்வழி 23. விந்தும் முட்டையும் இம்முழுத் தொகையோடு கூடினால் பிள்ளைக்கு 92, பேரனுக்கு 184 எனப் பெருகிவிடும். ஆகவே இனச்செல்கள் உருவாகும்போதே தொகை பாதியாகிறது. குதிரையின் குடற்புழுவில் முட்டைக்கரு இரண்டும் விந்துக்கரு இரண்டுமாகக் குரோமோசோம்களை அளிப்பதை 1883ஆம் ஆண்டில் பெல்ஜிய அறிஞர் எட்வர்ட் வான் பெனடன் கண்டுரைத்தார்.

இது வெறும் பாகப்பிரிவினை அன்று. முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. பின்னர்த் தந்தைவழியதும் தாய்வழியதும் இணைசேர்ந்து, நெருங்கிப் பிணைந்து, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதன்பின் இணைகள் பிரிந்து எதிர்த்துருவங்களை நாடுகின்றன; மற்றொரு பகுப்பில் படிகளும் பிரிகின்றன. எந்த இணையில் எது எப்பக்கம் செல்லும் என்பதற்கு விதியில்லை. இதனால் மட்டுமே 83,88,608 வகைச் சேர்க்கைகள் இயலும். துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் எண்ணி மாளாது. ஒரு வயிற்றில் பிறந்த நாங்கள் நால்வரும் நான்கு முகத்தினராய் இருப்பது இதனாலேயே.

ஆணுக்கு இப்பகுப்பு பருவமெய்திய பின்னரே தொடங்கும். பெண்ணுக்கோ வேறு கணக்கு. அவள் தன் தாயின் கருவில் இருக்கும்போதே அவளது முட்டைகளில் பகுப்பு தொடங்கி, இணைகள் பிணைந்த நிலையில் நின்றுவிடுகிறது. சில முட்டைகள் 15 ஆண்டும், சில 40 ஆண்டும் அவ்வாறே காத்திருக்கின்றன. அதற்குள் குரோமோசோம்களைப் பற்றியிருக்கும் புரதக்கட்டு தளர்வதுண்டு. தளர்ந்தால் பங்கீடு பிறழும். 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதியாய் வந்து சேர்ந்தால் பிறக்கும் குழந்தைக்கு 47. டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் இதுவே என 1959இல் பாரிசில் லெழேன், கோத்தியே, துர்ப்பேன் ஆகிய மூவரும் வெளியிட்டனர்.

எங்கள் கடைசித் தம்பி அவ்வாறு பிறந்தவன். அப்போது அன்னையாருக்கு வயது 40. கிரகண வேளையில் வெளியே நடந்தார், பெரியோர் சொல் கேளார் என்றெல்லாம் உறவினர் பேசினர். அன்னையார் மறுமொழி கூறியதில்லை. திருமண வீடுகளுக்குச் செல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். 25 வயதுத் தாய்மாருக்கு ஏறத்தாழ 1,250 பிறப்பில் ஒன்று. 40 வயதில் 100இல் ஒன்று. இக்கணக்கில் கிரகணம் எங்கே வந்தது? கேட்டோம்; இன்றும் கேட்கிறோம்.

அன்னையாருக்கு ஒருநாள் இவற்றையெல்லாம் தாளில் வரைந்து காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்தவர், "அப்படியானா எங்க உம்மா என்னைச் சுமந்தப்பவே இவனுக்கான முட்டையையும் சேர்த்தா சுமந்தாங்க?" என்றார்.

"ஆம்" என்றோம்.

அடுத்த வாரம் தெருவில் ஒரு திருமணம். தம்பிக்குப் புதுச்சட்டை அணிவித்து, அவன் கையைப் பற்றிக்கொண்டு சென்றார்.