நத்தம் பஸ்ஸும் நாலு ஃபைனலும்

"உன் டீம் எது?"ன்னு நம்ம காலேஜ்ல யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மஞ்சள். கொஞ்சம் பேர் ஆர்சிபி, கொஞ்சம் பேர் மும்பை. ஆனா "உன் ஊர் டீம் எது?"ன்னு கேட்டுப் பாருங்க. சென்னைப் பசங்க யோசிக்க மாட்டாங்க. மத்த ஊர்ப் பசங்க ஒரு நிமிஷம் முழிச்சிட்டு, "டிஎன்பிஎல்லயா கேக்குற?"ன்னு திருப்பிக் கேட்பாங்க. என்கிட்ட கேட்டா உடனே சொல்லிடுவேன். திண்டுக்கல் டிராகன்ஸ்.

சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. இது உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

எங்க ஹாஸ்டல்ல ஒரு நண்பன் இருக்கான். டென்னிஸ் பால் டோர்னமென்ட்னா ஊர் ஊரா போய் ஆடுவான். அவன் ஒருநாள் கேட்டான்: "அந்த டீம்ல உங்க ஊர்க்காரன் எத்தனை பேர்டா? ஏலத்துல எடுக்குறாங்க. கேப்டன் அஷ்வின் சென்னைக்காரர். நடராஜன் சேலத்துப் பக்கம். உங்க ஊர்கிட்ட இருந்து அவங்க எடுத்துக்கிட்டது பேரை மட்டும்தான்."

நியாயமான கேள்வி. உண்மையும்கூட. 2023-ல இருந்து டிஎன்பிஎல்ல ஏலம்தான். யார் கையில காசு மிச்சம் இருக்கோ அவங்க எடுப்பாங்க. இதுல ஊர் எங்க வருது? என்கிட்ட அப்போ பதில் இல்ல. அதனால லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேட்டேன்: "நம்ம ஊர் டீம்னு சொன்னா உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது எந்த மேட்ச்?"

பதில்களைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க மைதானத்தைப் பத்திச் சொல்லிடறேன். திண்டுக்கல் டீமோட மைதானம் திண்டுக்கல் டவுன்ல இல்ல. நத்தத்துல இருக்கு. பஸ் ஸ்டாண்டுல நத்தம் பஸ் ஏறி, சாணார்பட்டி, கோபால்பட்டி தாண்டி, வலது பக்கம் சிறுமலையைப் பார்த்துக்கிட்டே ஒரு மணி நேரம் போகணும். அங்க என்.பி.ஆர். காலேஜ்னு ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அதோட வளாகத்துக்குள்ளதான் மைதானம். ஆமா, நம்மள மாதிரியே அரியர் எழுதுற பசங்க படிக்கிற காலேஜ். 2016-ல டிஎன்பிஎல் தொடங்கினப்போ மேட்ச் நடந்தது மூணே இடத்துலதான். சேப்பாக்கம், திருநெல்வேலி, அப்புறம் எங்க நத்தம்.

சரி, பதில்களுக்கு வருவோம்.

முதல்ல சித்தப்பா. அவர் சொன்னது டிஎன்பிஎல் மேட்ச்சே இல்ல. 2019 டிசம்பர்ல நத்தத்துல நடந்த ரஞ்சி மேட்ச். தமிழ்நாடும் கர்நாடகாவும் மோதின நாலு நாள் ஆட்டம். கடைசி நாள் தமிழ்நாடு ஜெயிக்க 181 ரன் போதும். சித்தப்பா வேலைக்கு லீவு போட்டுட்டு போயிருந்தார். அன்னைக்கு கிருஷ்ணப்பா கௌதம் மட்டும் 60 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். மொத்த மேட்ச்ல 14. தமிழ்நாடு 154-க்கு ஆல் அவுட். 26 ரன்ல தோல்வி.

"வெளிச்சம் மங்கிட்டு வருது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிச்சா டிரா. ஒவ்வொரு பந்தையும் தடுத்தா கைதட்டுறோம்டா. ரன் அடிக்காததுக்குக் கைதட்டினது என் வாழ்க்கையில அன்னைக்குத்தான்" அப்படின்னார். தோத்த மேட்ச்சை ஏன் சித்தப்பா சொல்றீங்கன்னு கேட்டேன். "டிவில பாக்குறவனுக்குத்தான் ரிசல்ட் ஞாபகம் இருக்கும். நேர்ல பாத்தவனுக்கு அந்த சாயங்காலம்தான் ஞாபகம் இருக்கும்"னார்.

அடுத்தது என் ரூம் மேட். மதுரைக்காரன், லீவுல எங்க வீட்டுக்கு வந்திருந்தான். அவன் பதில் எங்களுக்கு வயித்தெரிச்சல். 2018 ஃபைனல். மதுரை டீம் முதல் ரெண்டு சீசன்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல. மூணாவது சீசன்ல நேரா ஃபைனல், அதுவும் எங்களோட. நாங்க 117-க்கு ஆல் அவுட். ஆனா அவங்க சேஸ் பண்ண வந்தப்போ ஆரம்பத்திலேயே 3 விக்கெட்டைத் தூக்கிட்டோம். எனக்கு அப்போ பதிமூணு வயசு. கப் வந்தாச்சுன்னு தெருவுக்கு ஓடிட்டேன். திரும்பி வந்து பார்த்தா அருண் கார்த்திக் நிக்கிறார். அப்புறமும் நிக்கிறார். 75 நாட் அவுட். ஷிஜித் சந்திரன் கூட நின்னு 38. அதுக்கப்புறம் ஒரு விக்கெட் கூட விழல.

"நத்தம் உங்க ஊருக்கு எவ்வளவு தூரமோ எங்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் மாப்ள. அது எங்க கிரவுண்டும்தான்"னு அவன் சொல்வான். 2025 அக்டோபர்ல தோனி வந்து மதுரையில ஒரு பெரிய ஸ்டேடியத்தைத் திறந்து வச்சாரே, அதுக்கு அப்புறம் அவன் அதைச் சொல்றது நின்னுபோச்சு. எனக்கு அதுல ஒரு சின்ன வருத்தம்கூட உண்டு. சண்டை போட ஒரு விஷயம் குறைஞ்சிடுச்சு.

2019-ஐ யாருமே சொல்லல. நானே சொல்றேன். ஆகஸ்ட் 15, சேப்பாக்கம் அணியோட ஃபைனல். ஜெயிக்க வேண்டியது 127. நாங்க 9 விக்கெட் இழந்து 114. 12 ரன்ல போச்சு. 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தவர் பெரியசாமி. இதுல ஒரு கதை இருக்கு. 2016-ல எங்க டீமுக்காக சூப்பர் ஓவர் போட்டு, யார்க்கர் மேல யார்க்கரா இறக்கினது நடராஜன். அடுத்த வருஷம் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இந்திய அணிக்கே ஆடினார். அவருக்கும் பெரியசாமிக்கும் ஊர் ஒண்ணுதான், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. எங்களுக்கு முதல் ஹீரோவைக் கொடுத்ததும் அந்த ஊர்தான். எங்க கப்பைப் பறிச்சதும் அந்த ஊர்தான்.

அப்பா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கிட்டாங்க. ரத வீதியில எங்களுக்கு ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஆனா கடைக்கு வர்றவங்க கேக்குறது என்னவோ வெளியூர் பூட்டு. அப்பாவுக்கு அதுல ஒரு ஆதங்கம் எப்பவும் உண்டு. கடைசியா சொன்னாங்க: "2024. ஆகஸ்ட் 4."

அது நாங்க கப் ஜெயிச்ச நாள். எலிமினேட்டர்ல அஷ்வின் 57. ரெண்டாவது குவாலிஃபயர்ல 30 பந்துல 69 நாட் அவுட். ஃபைனல்ல கோவை 129 அடிக்க, அஷ்வின் 52. மூணு மேட்ச், மூணு அரைசதம். டெஸ்ட்ல 500 விக்கெட்டைத் தாண்டின பந்துவீச்சாளர், எங்களுக்காக பேட்டைத் தூக்கிட்டு வந்து ஜெயிச்சுக் கொடுத்தார். மூணாவது ஃபைனல்ல முதல் கப்.

"நம்ம ஊர் பேரு டிவில வந்தா ஒண்ணு எலெக்‌ஷனா இருக்கும், இல்ல விபத்தா இருக்கும், இல்ல பிரியாணியா இருக்கும். அன்னைக்குத்தான் ஜெயிச்சதுக்காக வந்துச்சு"ன்னாங்க அப்பா. கிரிக்கெட்ல அப்பாவுக்கு எல்பிடபிள்யூ எதுன்னு கூட சரியாத் தெரியாது. ஆனா தேதியைச் சரியாச் சொன்னாங்க.

தங்கச்சி பிளஸ் டூ. அவ யோசிக்கவே இல்ல. "விமல் குமார் 34, அண்ணே." 2025 ஜூலை 4, நத்தத்துல ரெண்டாவது குவாலிஃபயர். சேப்பாக்கம் 178. சேஸ்ல விமல் குமார் ஒரே ஓவர்ல ஒரு ஃபோர், அஞ்சு சிக்ஸர். 30 பந்துல 65. சேப்பாக்கத்தை 4 விக்கெட்ல ஜெயிச்சோம். நாங்க ரெண்டு பேரும் கிரவுண்ட்ல இருந்தோம். அந்த ஓவர் முடிஞ்சப்போ அவளுக்குத் தொண்டை கட்டிடுச்சு. அடுத்த ரெண்டு நாள் வீட்டுல சைகையில பேசினா. அம்மாவுக்கு அதுதான் மறக்க முடியாத தருணம்னு நினைக்கிறேன்.

இப்போ என் முறை.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஃபைனல். இந்த தடவை சேப்பாக்கத்துல இல்ல, நத்தத்துல. எங்க வீட்டு வாசல்ல. இருக்கிற சாம்பியன் நாங்க. எதிர்ல திருப்பூர். முதல்ல அவங்க பேட்டிங். அமித் சாத்விக் 65, துஷார் ரஹேஜா 77. மொத்தம் 220. நாங்க 15 ஓவர் கூட முழுசா ஆடல. 102-க்கு ஆல் அவுட். 118 ரன் வித்தியாசம். நாங்க ஆடின நாலு ஃபைனல்ல இவ்வளவு மோசமா எதுலயும் தோத்ததில்ல.

பாதி விக்கெட் போனதுமே கடைசி பஸ்ஸை நினைச்சு சிலர் கிளம்பிட்டாங்க. தப்பு சொல்ல முடியாது. நானும் தங்கச்சியும் எங்க வரிசையில இருந்த இன்னும் கொஞ்சம் பேரும் கிளம்பல. எட்டாவது விக்கெட்டும் போச்சு. அப்போ பின்னாடி இருந்து ஒருத்தர், வயசு அறுபது இருக்கும், எழுந்து நின்னு அடித்தொண்டையில "திண்டுக்கல்!"ன்னு கத்தினார். எதுக்குன்னு தெரியல. ஜெயிக்கிறதுக்கு வழியே இல்ல. ஆனா எங்க வரிசை முழுக்க "டிராகன்ஸ்!"ன்னு திருப்பிக் கத்துச்சு. மறுபடியும் கத்தினார். மறுபடியும் கத்தினோம். கடைசி விக்கெட் விழுற வரைக்கும் இதேதான்.

மைதானத்துல அந்த நேரம் ஆடிட்டு இருந்தவங்கள்ல யார் எந்த ஊர்னு நான் நினைச்சுக்கூடப் பார்க்கல. கத்தினது ஒரு ஆளோட பேரை இல்ல. ஊர் பேரை.

ஹாஸ்டல் நண்பனுக்கு இதுதான் என் பதில். "பேரை மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க"ன்னு சொன்னான்ல? எங்ககிட்ட இருந்ததும் அது மட்டும்தான். எங்க ஊர் பசங்க வெளியூர் போனா "மதுரைக்குப் பக்கத்துல"ன்னுதான் சொல்றாங்க. எத்தனை தடவை கேட்டிருக்கேன். திண்டுக்கல்னு சொன்னா எதிர்ல இருக்கிறவர் "ஓ, பிரியாணி!"ம்பார். பேச்சு அதோட முடிஞ்சுடும். அந்தப் பேரை ஒரு சட்டையில அச்சடிச்சு, அஷ்வினுக்கும் நடராஜனுக்கும் மாட்டிவிட்டு, ஜெயிக்கவும் தோக்கவும் விட்டா, அதுக்குன்னு அழ நாலு பேர் கிடைச்சுடுறாங்க. கப் வாங்கினது சென்னையில. அதை டிவியில பார்த்தோம், சந்தோஷப்பட்டோம். கப்பை விட்டது எங்க மண்ணுல, எங்க கண்ணு முன்னால. அந்த டீம் எனக்கு முழுசா சொந்தமானது அன்னைக்குத்தான்.

ஆனா நண்பன் சொன்னதுல பாதியை நான் ஒத்துக்கிறேன். சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பால் ஆடிட்டு இருந்த ஒருத்தர் எங்க ஊர் சட்டை போட்டு இந்தியா வரைக்கும் போக முடிஞ்சுதுன்னா, சாணார்பட்டியில ஆடுற பையன் ஏன் போக முடியாது? அவன் வீட்டு வழியாத்தான் ஒவ்வொரு சீசனும் டீம் பஸ் நத்தத்துக்குப் போகுது. அவன் ரோட்டோரம் நின்னு கையை ஆட்டுறான். என்னைக்காவது ஒருநாள் அவன் அந்த பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கணும். அன்னைக்குத்தான் இந்தப் பேருக்கான கடன் தீரும். அது வரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருக்கணும், கைதட்டிக்கிட்டே கேட்கணும்.

எனக்கு ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. பெங்களூர். அடுத்த சீசன் நான் எங்கேயோ ஒரு பிஜி ரூம்ல போன்ல பார்த்துட்டு இருப்பேன். உங்கள்ல பாதிப் பேருக்கும் இதே நிலைமைதான். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. உங்க ஊர்ல டிஎன்பிஎல் இருக்கோ, கபடி இருக்கோ, பொங்கலுக்கு நடக்குற வாலிபால் இருக்கோ, எதுவா இருந்தாலும் சரி. ஒரு மேட்ச்சுக்கு நேர்ல போங்க. வீட்டுல இருக்கிறவங்ககிட்ட நான் கேட்ட கேள்வியைக் கேளுங்க. உங்க அப்பாவுக்கு எந்தத் தேதி ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

எங்க ஊருக்கு வர்றதா இருந்தா, நத்தம் பஸ் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கும். மேட்ச் அன்னைக்கு சீட் கிடைக்காது. கொஞ்சம் சீக்கிரம் வாங்க.