அடுத்த வருஷமும் நீதானே வருவே?

“இன்றைக்கு என்ன தேதி அவ்வா?”

எழுபதைத் தாண்டிய அந்த மூதாட்டி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தார். கேள்வி கேட்ட பெண் கையசைத்துத் தடுத்தாள். அரை நிமிடம் கழிந்தது. “அமாவாசை போய் நாலு நாளாச்சு” என்றார் பாட்டி.

சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் திண்ணை அது. கையிலிருந்த படிவத்தில் தேதிக்கு எதிரே இரண்டே கட்டங்கள்: சரி, தவறு. காலண்டர்படி பாட்டி சொன்னது விடையே அல்ல. பஞ்சாங்கப்படி மிகச் சரி. கேட்டவளுக்கு வயது 26. ஓசூர்க்காரி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளித் தோழிகளோடு கன்னடம். உளவியலில் முதுகலைப் பட்டம். மறதி நோய் ஆய்வு ஒன்றில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல், உடன் வந்திருந்த மூத்த ஆராய்ச்சியாளரைப் பார்த்தாள்.

“அவங்க சொன்னதை அப்படியே எழுதும்மா. மார்க் அப்புறம் போட்டுக்கலாம்.”

புத்தகத்தில் இல்லாத முதல் பாடம் அது.

மூளை ஆராய்ச்சி என்றதும் நினைவுக்கு வருவது நுண்ணோக்கியும் ஸ்கேன் இயந்திரமும்தான். ஆனால் ஒருவருக்கு நினைவு தடுமாறுகிறதா என்பதை முதலில் கண்டுபிடிப்பது கேள்விகள். உலகெங்கும் புழங்கும் 30 மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் உருவானது. அது ஓர் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்லும். ஒரு வாக்கியத்தைப் படிக்கச் சொல்லும், இன்னொன்றை எழுதச் சொல்லும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் என்ன செய்வார்? நல்ல நினைவோடு மாடு கன்றுகளைப் பராமரிக்கும் கிழவியும் நோயாளி ஆகிவிடுவார்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது ஹரியானாவின் பல்லப்கர். இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் அங்கே கிராமத்து முதியவர்களிடையே ஆய்வு நடத்தினார்கள். எழுத்துக்கூட்டுவதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, ‘என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்றார்கள். அந்த இந்திச் சோதனை 1995இல் வெளியானது. மொழிபெயர்ப்பு மட்டும் போதாது, அந்த மக்களின் வாழ்க்கையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

1998இல் கொச்சியில் உருவான ஆராய்ச்சிக் குழு தன் பெயரையே ஒரு குற்றச்சாட்டாக வைத்துக்கொண்டது: 10/66. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில். அங்கே நடக்கும் ஆராய்ச்சியோ மொத்தத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவு. சென்னையும் வேலூரும் அந்தக் குழுவின் ஆய்வுக் களங்கள் ஆயின. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

கவனமாகக் குறித்துக்கொள்வதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹைதராபாத் உதாரணம். 648 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மொழி பேசுபவர்களைவிட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாக வந்தது தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. சந்தையிலும் சமையலறையிலும் மொழி மாற்றிப் பேசும் இந்தியாவில் கேட்கத் தோன்றும் கேள்வி அது.

ஓசூர்ப் பெண்ணின் கேள்வி இன்னும் நெருக்கமானது. பயிற்சி வகுப்பில் ஒருநாள் நோயின் அறிகுறிகளைப் பட்டியலிட்டார்கள். வைத்த பொருளை மறப்பது, பிறகு அதை யாரோ திருடிவிட்டதாகப் பழி சொல்வது. அவள் எழுதுவதை நிறுத்தினாள். அவளுடைய பாட்டி தோட்டை எங்கோ வைத்துவிட்டு, மருமகள்தான் எடுத்துவிட்டாள் என்று தெருக் கூடும்படி அழுதவர். “வயசானா அப்படித்தான்” என்றார்கள் சொந்தக்காரர்கள். யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. பாட்டி இறந்து ஆறு வருடம் ஆயிற்று.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு அம்மா கேட்டார்: “அப்போ உங்க பாட்டி என்னைத் திருடின்னு சொன்னது மனசாரச் சொன்னது இல்லையாடி?”

அந்த ஒரு கேள்விக்காகவே இந்த வேலையில் இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் இருக்க முடியுமா? அவளுக்குக் கிடைத்திருப்பது திட்டப் பணி. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நிதி நின்றால் வேலையும் நிற்கும். ஒரு தனியார் நிறுவனம் மனிதவளத் துறையில் ஒன்றரை மடங்கு சம்பளம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கல்யாணப் பேச்சு வேறு.

நோய்க்கோ அவசரம் இல்லை. அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன்பே அல்சைமர் நோய் மூளையில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுராவில் 45 வயதைத் தாண்டிய 10,000 பேரை வருடக்கணக்கில் பின்தொடரும் திட்டத்தைப் பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் மேற்கொண்டது. அதே ஊரின் நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இருக்கிறது. துக்க வீட்டில் தானம் கேட்கவும் பக்குவப்பட்ட ஆள் வேண்டும்.

இருபது வருட நோயை ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவர்களைக் கொண்டு துரத்துவது எப்படி? கருவி வாங்கப் பணம் கிடைத்துவிடும். பாட்டியின் முப்பது விநாடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளும் காதை விலைக்கு வாங்க முடியாது. பழக்கித்தான் எடுக்க வேண்டும். பழக்கிய பிறகு அதை நழுவவிட்டால், அடுத்து வருபவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சோதனை முடிந்து எழுந்தபோது பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அடுத்த வருஷமும் நீதானே வருவே?”

உண்மை இல்லாததை ஆறுதலுக்காகச் சொல்லக் கூடாது என்பதும் பயிற்சியில் உண்டு. “யாராவது கண்டிப்பா வருவாங்க அவ்வா” என்றாள்.

பாட்டி கையை விடவில்லை. “நீ வா. புதுசா ஒருத்தி வந்தா மறுபடியும் முதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லணும்.”