முற்றுகைக்குள் ஒரு மலை

புறநானூற்றின் 109ஆம் பாடலை வாசித்தவர்கள் பறம்பு மலையின் நான்கு விளைபொருள்களை மறந்திருக்க மாட்டார்கள். மூவேந்தரும் பாரியின் மலையைச் சூழ்ந்து நிற்கின்றனர். கபிலர் அவர்களிடம், உழவர் ஏர் பூட்டாமலே விளைகின்ற நான்கு பொருள்கள் இம்மலையில் உண்டு என்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். உள்ளே இருப்பவரைப் பட்டினியால் பணியவைக்க இயலாது என்பதே அவர் சொல்ல வந்தது. கொடைச்சிறப்புக்கும் நட்புக்கும் சான்றாகவே இப்பாடலை நாம் நெடுங்காலமாகப் போற்றி வந்திருக்கிறோம். ஆனால் காட்டை உண்டு பிழைத்திருப்பது எப்படி என்பதைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்றாகவும் இதனை வாசிக்க இடமிருக்கிறது.

இவ்வாறு வாசிக்கத் தூண்டியது திருக்கோவிலூர். பாரி மாண்டபின் அவன் மகளிரை உரிய இடத்தில் சேர்ப்பித்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது புறநானூற்றின் அடிக்குறிப்பு. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவிலூர்க் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்தபின் பெண்ணையாற்றங்கரையில் அவர் தீயில் புகுந்ததாகச் சொல்கிறது. ஆற்றின் நடுவே சிறு கோயிலைச் சுமந்து நிற்கும் பாறையை ஊரார் கபிலர் குன்று என்கின்றனர். வடக்கிருத்தல் என்பது உணவை மறுத்து உயிர் விடுதல். ஒரு மலை தன் மக்களுக்கு எப்படிச் சோறிடும் என்று பாடியவரின் முடிவு அதுவாக இருந்திருக்குமானால், அதன் கசப்பை நினைத்துப் பார்க்கவும் தயக்கமாக இருக்கிறது.

அந்த நான்கு பொருள்களையும் நாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து ஒவ்வொன்றாக எடைபோட்டோம். மூங்கில் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, நெல் சொரிந்து, அத்தோடு பட்டுப்போகும் தாவரம். முற்றுகை வரும் ஆண்டில்தான் அது பூக்கும் என்பதற்கு உறுதியில்லை. பூத்தாலும் எலிகள் பெருகும். 1959இல் மிசோ மலைகளில் மூங்கில் பூத்ததைத் தொடர்ந்து பெருகிய எலிகள் வயல்களை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்தது வரலாறு. பலாவுக்கும் தேனுக்கும் பருவம் உண்டு. எஞ்சுவது மண்ணுக்குள் காத்திருக்கும் கிழங்கு ஒன்றுதான். முற்றுகை நீண்டபோது கிளிகள் வெளியே பறந்துசென்று நெற்கதிர் கொண்டுவந்து ஊட்டியதாக ஒரு செய்தி அகநானூற்றில் உண்டு. அதனை வெறும் புனைவென்று இனி ஒதுக்க எங்களால் முடியவில்லை. காடு மட்டும் போதவில்லை என்பதைப் பழம்புலவர்களும் உணர்ந்திருந்ததன் தடயமாகவே அது எங்களுக்குத் தோன்றுகிறது.

திருக்கோவிலூருக்கு மேற்கே எழுகின்றன கல்வராயன் மலைகள். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குக் காடு புதிதன்று. கடுக்காயும் புளியும் தேனும் அவர்கள் வழியாகத்தான் சமவெளிச் சந்தைக்கு இறங்குகின்றன. ஒரு மழைக்காலத்தில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் மூதாட்டி ஒருவரிடம் வள்ளிக்கிழங்கைப் பற்றிக் கேட்டோம். 'எந்த வள்ளி?' என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்களிடம் விடையில்லை. உரையாசிரியர்களிடமும் அதற்கு விடை கிடையாது. சுட்டால் தின்னக்கூடியது ஒன்று, அவித்தால் மட்டும் ஆவது ஒன்று, சீவி ஓடைநீரில் ஓர் இரவு கிடத்தி நஞ்சு போக்கினாலன்றித் தொண்டையில் இறங்காதது மற்றொன்று என்று அவர் பிரித்துச் சொன்னார். கொடியின் இலையைப் பார்த்து அவற்றை வேறுபடுத்தவும் காட்டினார். 'தலையை மண்ணுக்குள்ளயே விட்டுட்டு வரணும் சாமி. இல்லேன்னா அடுத்த வருசம் பசிக்கு எங்க போறது?' என்றார். பேரப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டதற்கு, ரேஷன் அரிசி இருக்கையில் அவர்களுக்கு எதற்கு என்று சிரித்தார். அச்சிரிப்பில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல மாட்டோம். பசியை அறிந்தவர் அவர்; அரிசியின் அருமையும் அவருக்குத்தான் தெரியும்.

உலகில் வேறிடங்களில் இதே கதையைச் சொல்வது ஊசியிலை மரம். கொடைக்கானலில் வெள்ளையர் ஆட்சியில் நடப்பட்ட பைன் காடு நமக்குத் திரைப்படப் பாடல்களின் பின்னணி மட்டுமே. வடதேசத்தாருக்கு அது பஞ்சகால உணவு. 1866 முதல் 1868 வரை நீடித்த பஞ்சத்தில் பின்லாந்து மக்கள் பைனின் உட்பட்டையை உரித்து, உலர்த்தி, மாவாக்கி ரொட்டியில் கலந்து தின்றனர். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை 872 நாள் முற்றுகையில் கிடந்த லெனின்கிராட் நகரில், ஸ்கர்வி நோயைத் தடுக்க பைன் ஊசிகளை ஊறவைத்து வைட்டமின் சி நிறைந்த சாறு எடுத்து மக்களுக்குக் கொடுத்தனர். பறம்புக்குக் கிழங்கு எப்படியோ, அந்நகருக்கு இந்தக் கசப்புநீர் அப்படி. ஆயினும் பல இலட்சம் பேர் பட்டினியால் மடிந்தனர். ஊசியிலை ஸ்கர்வியைத் தடுக்கும், வயிற்றை நிரப்பாது.

இவற்றிலெல்லாம் எங்களை உறங்கவிடாமல் செய்தது கனடாவின் கதை. 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் அருகே உறைபனியில் சிக்கிய ழாக் கார்த்தியேவின் மாலுமிகள் ஸ்கர்வியால் வரிசையாக மாண்டனர். ஏறத்தாழ 110 பேரில் 25 பேர் இறந்தபின், தொமகாயா என்னும் மண்ணின் மைந்தர் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். எஞ்சியவர்கள் பிழைத்தனர். அடுத்த வசந்தத்தில் கார்த்தியே செய்த கைம்மாறு, தொமகாயாவையும் அவர் தந்தையாகிய தலைவரையும் மேலும் சிலரையும் பிடித்துக் கப்பலேற்றிப் பிரான்சுக்குக் கொண்டுசென்றது. அவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து, 1604-05 குளிர்காலத்தில், செயின்ட் குரோய் தீவில் தங்கிய 79 பிரெஞ்சுக்காரரில் 35 பேர் அதே நோயால் இறந்தனர். ஊசியிலைக் காடுகள் அந்நிலத்தில் அப்போதும் நின்றிருந்தன. எந்த மரம் என்று சொல்ல ஆளில்லை. தொமகாயா காட்டியது எம்மரம் என்பதில் அறிஞர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர்.

வள்ளிக்கும் இதே கதிதான் வாய்க்குமோ என்பதே எங்கள் அச்சம். காடு அழிந்தால் கணக்கெடுக்க ஆள் உண்டு. செயற்கைக்கோள் படம் உண்டு. கொடியின் தலையை மண்ணில் விட்டுவரத் தெரிந்த ஒரு கிழவி இறந்தால் எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மீது பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. அவ்வுரிமைக்குப் பொருள் இருக்க வேண்டுமாயின் அறிவும் அவர்களோடு இருக்க வேண்டும்.

சங்கப் பாடல்களின் செடிகொடிகளுக்கு நம் அறிஞர்கள் நூலகத்தில் அமர்ந்து உரைக்குறிப்பு எழுதினார்கள், அவ்வுழைப்பை மதிக்கிறோம். ஆயினும் 109ஆம் பாடலின் மூன்றாம் பொருளுக்கான குறிப்பு இன்னும் எழுதப்படவில்லை என்றே நினைக்கிறோம். அதை எழுத முனைபவர் ஒரு மழைக்காலத்தில் மலையேறி, மண்வெட்டியோடு செல்லும் ஒரு மூதாட்டியின் பின்னே நடந்தாக வேண்டும். அதிக காலம் தாழ்த்தாமல் நடந்தாக வேண்டும்.