தைராய்டு கட்டிக்குள் யார் யார்?

பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோயின் ஸ்லைடு. புற்றுச் செல்களின் உட்கரு வெளிறிப்போய், நடுவே மடிப்பு விழுந்து கிடக்கிறது. பக்கத்திலேயே கருநீலப் பொட்டுகளாக லிம்போசைட்டுகள் எனும் எதிர்ப்புச் செல்கள். சில இடங்களில் நிணநீர்க் கணுவுக்குள் இருப்பதைப் போலவே வட்டமாகத் திரண்டிருக்கின்றன. நல்ல தைராய்டில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்க்க முடியாது.

*

இந்தத் திரட்சியை 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 4 பெண்களின் தைராய்டில் கண்டு எழுதினார். அவர் பெயரிலேயே இன்று அந்தத் தைராய்டு அழற்சி நோய். பாப்பிலரி புற்றுநோயோடு அது அடிக்கடி சேர்ந்தே வருகிறது. அந்த அழற்சிதான் புற்றைக் கிளப்புகிறதா, புற்றைப் பார்த்துத்தான் லிம்போசைட்டுகள் வருகின்றனவா என்ற வாதம் 1950-களிலிருந்தே ஓயவில்லை. இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்குக் கட்டி சிறிதாகவும், கணுக்களுக்குப் பரவுவது குறைவாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே தைராய்டுக்கு மருத்துவரிடம் போய்வருகிறவர்கள் என்பதால் கட்டி சீக்கிரம் கண்ணில் பட்டிருக்கலாம். அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டின் கடைசியில் 'லிம்போசைட்டிக் தைராய்டிடிஸ்' என்று இந்த அழற்சியின் பெயரைப் பார்த்ததும் இன்னொரு புற்றுநோயும் இருக்கிறதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை என்று யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

*

தைராய்டு புற்றுநோயில் அனாபிளாஸ்டிக் வகை அபூர்வம். வந்தால் ஆயுளைப் பெரும்பாலும் மாதங்களில்தான் எண்ண வேண்டியிருக்கும். சாதாரணச் சாயத்தில் எல்லாமே புற்றுச் செல்கள் போலத்தான் தெரியும். மேக்ரோபேஜ் எனும் எதிர்ப்புச் செல்களை மட்டும் பழுப்பாக்கிக் காட்டும் சாயத்தைப் போட்டதும் காட்சியே மாறிவிடுகிறது: மெல்லிய கிளைகளை நீட்டி, ஒன்றையொன்று தொட்டு, புற்றுச் செல்களைச் சுற்றி வலை பின்னியிருக்கின்றன. 2011-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எண்ணியபோது, கட்டியின் செல்களில் பாதிக்கு மேல் இவைதான். கிருமியை விழுங்கவேண்டிய செல்கள் இங்கே புற்றுக்கு வளர்ச்சிப் பொருளும் புது ரத்தக் குழாயும் தந்து, புற்றைத் தாக்கக்கூடிய லிம்போசைட்டு வகையான டி செல்களையும் அடக்கிவைக்கின்றன. எனக்கு இதைப் படித்ததில் அதிர்ச்சிதான். கட்டியில் எதிர்ப்புச் செல்கள் நிறைய இருக்கின்றன என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. எந்தச் செல் என்று கேட்க வேண்டும்.

*

டி செல்களின் பிரேக்கை விடுவிக்கும் பிடி-1 மருந்துகளில் ஒன்றான ஸ்பார்டலிசுமாபை அனாபிளாஸ்டிக் நோயாளிகள் 42 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. கட்டி கணிசமாகச் சுருங்கியது சுமார் 19% பேருக்கு. இந்த நோயில் அது சின்ன எண்ணல்ல.

வேறு புற்றுநோய்களுக்கு இதே வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு, விழித்துக்கொண்ட டி செல்கள் நல்ல தைராய்டையே தாக்கிவிடுகின்றன. பிறகு பலருக்கு ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை.

*

எலிகளில் மேக்ரோபேஜ்கள் வரும் வழியை மருந்தால் அடைத்தபோது தைராய்டு கட்டியின் வளர்ச்சி தளர்ந்தது. டி செல்லை எழுப்புவதையும் மேக்ரோபேஜை விலக்குவதையும் ஒன்றாகச் செய்யும் சிகிச்சைகளைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.