தாடையின் நிதானம்

நாய்க்குட்டி பல்லால் செய்யும் எல்லாவற்றையும் ‘கடி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வீடுகளில் வழக்கமாக இருந்தாலும், அச்செயல்களைப் பிரித்துக் காட்டும் வினைச்சொற்கள் தமிழில் தனித்தனியே உண்டு: பிடித்து வைத்துக்கொள்வது கவ்வுதல், முன்பற்களால் சிறுகச் சிறுகப் பதம் பார்ப்பது கொறித்தல், பற்களை அழுத்தி இறக்குவது கடித்தல், கவ்வியதை உலுக்கிக் கிழிப்பது குதறுதல். இரண்டு மாதக் குட்டியிடம் பயிற்றுநர் எதிர்கொள்வது பெரும்பாலும் முதலிரண்டையே. அவற்றை வீட்டார் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே, அந்தக் குட்டி வளர்ந்த பின் பின்னிரண்டும் தலைகாட்டுமா என்பது பெருமளவுக்கு முடிவாகிறது. ஆகவே கவ்வலையும் கொறிப்பையும் ஒரு குற்றமாகக் கருதாமல், இன்னும் திருந்தாத ஒரு பேச்சாகக் கருதுவதே இத்தொழிலின் முதற்படி.

பல்லின் அழுத்தத்தை நாய் தானே அளந்து அடக்கிக்கொள்ளும் பழக்கத்தைக் ‘கடிக்கட்டுப்பாடு’ எனலாம். கடிக்காமை வேறு, கடிக்கட்டுப்பாடு வேறு. கடிக்க வேண்டிய சூழல் அமையாததாலேயே ஒரு நாய் ஆண்டுக்கணக்கில் கடிக்காமல் இருந்துவிடக்கூடும். வலியாலோ அச்சத்தாலோ கடிக்க நேர்ந்துவிட்ட அந்த நொடியிலும் தாடை எவ்வளவு இறுகும் என்பதைத் தீர்மானிப்பதுதான் கடிக்கட்டுப்பாடு. இக்கருத்தைக் குட்டிகளுக்கான பயிற்சி வகுப்புகளின் மையத்துக்குக் கொண்டுவந்தவர், பிரிட்டனில் பிறந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் இயான் டன்பார். கடிகளை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்றையும் அவர் வகுத்தார். பல் தோலைத் தொடாத பாய்ச்சல் முதல் நிலை. பல் பட்டும் துளை விழாதது இரண்டாம் நிலை. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள் விழுந்து, அவற்றின் ஆழம் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாதது மூன்றாம் நிலை. தாண்டினால் அது நான்காம் நிலை. பலமுறை கடித்துக் குதறுவதும் உயிரிழப்பும் அடுத்த இரு நிலைகள். ஆழத்தை அந்தந்த நாயின் பல்லைக் கொண்டே அளக்கச் சொல்வதால், சிவாவா, பொமரேனியன் போன்ற சிறு இனங்களைப் பற்றிய ஒரு மயக்கத்தை இந்த அளவுகோல் உடைத்துவிடுகிறது. சிறிய நாய் ஏற்படுத்திய காயம் சிறியதாக இருப்பதற்கு அதன் நிதானம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பல் சிறியது என்பதே காரணமாக இருக்கலாம்.

குட்டிக்குப் பால்பற்கள் மொத்தம் 28. மூன்றாம் வாரம் தொடங்கி முளைக்கும் அவை ஊசிபோல் கூர்மையாக இருந்தாலும், அவற்றைத் தாங்கும் தாடைக்கு வலு குறைவு. கூர்மையால் வலி பிறக்கிறது, வலுக்குறைவால் காயம் பெரிதாவதில்லை என்ற இந்த இடைவெளியில்தான் கடிக்கட்டுப்பாட்டின் முதற்பாடம் நடக்கிறது. உடன்பிறந்த குட்டியின் காதை அளவுக்கு மீறி அழுத்தினால் அது வீறிட்டு விளையாட்டிலிருந்து விலகிக்கொள்கிறது. மடியில் பல் பதிந்தால் தாய் எழுந்து போய்விடுகிறது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில், குட்டி சமூக உறவுகளைக் கற்கும் முக்கியப் பருவம் ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை என்று காட்டினர். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுவதன் பொருளும் இப்பின்னணியில் விளங்கும். ‘சின்னதாக இருக்கும்போதே வாங்கினால்தான் நன்றாகப் பழகும்’ என்ற நம்பிக்கையில் முப்பது, நாற்பது நாளிலேயே வாங்கிவரப்படும் குட்டி, தாயும் உடன்பிறந்தவையும் இலவசமாக நடத்தியிருக்கக்கூடிய வகுப்பின் பாதியை இழந்துவிட்டு வருகிறது. மீதியை மனிதக் கைகள்தான் நடத்தியாக வேண்டும்.

அந்தப் பாடத்துக்கு இரு கட்டங்கள் உண்டு: முதலில் அழுத்தத்தைக் குறைப்பது, பிறகு எண்ணிக்கையைக் குறைப்பது. முதல் கட்டத்தில், விளையாட்டின்போது பல் இலேசாகப் படுவதைப் பொறுத்துக்கொண்டு, உள்ளவற்றில் மிக அழுத்தமான கடிக்கு மட்டும் விளையாட்டு நிறுத்தப்படுகிறது. கையை வெடுக்கென்று இழுப்பது குட்டியின் துரத்தும் உந்துதலைத் தூண்டிவிடும் என்பதால், கை அப்படியே தளர்ந்து அசைவற்றுக் கிடக்க, வாய் விட்டதும் ஆள் எழுந்து திரும்பிக்கொள்கிறார். பதினைந்து, இருபது நொடி கழித்து எந்தக் கடுமையும் இல்லாமல் விளையாட்டு மீண்டும் தொடங்குகிறது. விரும்பியதை விலக்கிக்கொள்வதன் வழியே ஒரு செயலைக் குறைக்கும் இம்முறையைக் கற்றல் கோட்பாட்டில் ‘எதிர்மறைத் தண்டனை’ என்பர். இங்கே ‘எதிர்மறை’ என்பதற்குக் ‘கழித்தல்’ என்பதே பொருள். வன்மையான கடிகள் அருகியதும், பொறுத்துக்கொள்ளும் எல்லை வாரந்தோறும் கீழே இறக்கப்பட்டு, நாலரை மாத அளவில் தோலில் பல் படுவதே விளையாட்டை முடித்துவிடும் என்ற நிலை எட்டப்படுகிறது. கையில் பல்லே படக்கூடாது என்று முதல் நாள்தொட்டே பொம்மைக்குத் திருப்பிவிடும் பயிற்றுநர்களும் உள்ளனர். சிறு குழந்தைகளும் தோல் மெலிந்த முதியவர்களும் உள்ள வீட்டுக்கு அதுவே ஏற்றது. ஆனால் அவ்வழியில் குட்டி கற்பது எதைக் கடிக்கலாம் என்பதைத்தான். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் கற்பிக்கத் தனியாக ஒரு வழி வேண்டும்.

அந்த வழிகளுள் எளியது கையால் உணவூட்டுவது. உலர் உணவின் ஒரு மணியை மூடிய கைக்குள் வைத்துக் குட்டியின் மூக்குக்கு நேரே நீட்டினால், அது முதலில் மோப்பம் பிடிக்கும், பின் விரலிடுக்கில் முன்பற்களை நுழைத்துக் கொறிக்கும், அதுவும் பலிக்காதபோது முன்காலால் பிறாண்டும். கை எதற்கும் திறப்பதில்லை. ஒரு நிமிடத்துக்குள் எங்கோ ஒரு கட்டத்தில் பல் பின்வாங்கி, ஈரமான நாக்கோ மூக்கின் நுனியோ மட்டும் தோலில் படும். அந்தக் கணத்தில் கை மலர வேண்டும். கணம் தவறி, மறுபடி பல் படும்போது கை திறந்துவிட்டால் கற்பிக்கப்படுவது நேர் எதிரான பாடம். சில நாளில் குட்டி கையை நெருங்கும்போதே உதடுகளை முன்னிறுத்தி வருவதைக் காணலாம். இங்கே பயிற்சி பெறுவது குட்டியின் வாய் என்றாலும், சோதிக்கப்படுவது கையின் காலக்கணக்கே என்பதை இத்தொழிலில் இருப்போர் அறிவர்.

பயிற்சி தொடங்கிய சில நாளில் கடி குறைவதற்குப் பதிலாகத் திடீரென்று கூடுவதும் உண்டு. இதுவரை பலன் தந்த செயல் பலன் தராமல் போகும்போது, அதைக் கைவிடுமுன் இன்னும் வேகமாகச் செய்து பார்ப்பது பல உயிர்களிடமும் காணப்படும் இயல்பு. அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரிவது போன்றது அது. வீட்டாரில் யாரேனும் ஒருவர் அந்தக் கட்டத்தில் மனமிளகிக் கையை விளையாடக் கொடுத்துவிட்டால், ‘இன்னும் அழுத்தினால் கிடைக்கும்’ என்பதே குட்டிக்குப் பாடமாகிவிடும். எப்போதோ ஒருமுறை மட்டும் கிடைக்கும் பலன், எப்போதும் கிடைக்கும் பலனைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதால், அம்மா நிறுத்தியதைத் தாத்தா தொடரும் வீட்டில் பயிற்றுநரின் முதல் மாணவர் தாத்தாவாகவே அமைகிறார்.

சிறு இனங்களின் சிக்கல் இங்கேதான் தனித்துத் தெரிகிறது. லாப்ரடோர் குட்டி கணுக்காலைக் கவ்வினால் அன்றே பயிற்சி பற்றிய பேச்சு எழுகிறது. இரண்டு கிலோ பொமரேனியன் அதையே செய்தால் சிரிப்பு எழுகிறது. உறுமினாலோ, ‘பார், இதுக்கு வர்ற கோபத்தை’ என்று மறுபடியும் சீண்டிப் பார்க்கிறார்கள். வியன்னா ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் வினாப்படிவம் வழி நடத்திய ஆய்வில், சிறிய நாய்களை வளர்ப்போர் பயிற்சிக்குக் குறைவாகவே நேரம் ஒதுக்குவதும், அவர்களது நடத்தை நாளுக்கொரு விதமாக மாறுவதும் தெரியவந்தன. 2008இல் டஃபி, சூ, செர்பெல் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட இன ஒப்பீட்டில் டாக்ஸ்ஹண்ட், சிவாவா ஆகிய சிறு இனங்கள் மனிதரிடம் காட்டும் வன்மையில் முன்வரிசையில் நின்றன. குருதியில் வந்த பங்கு ஓரளவு இருக்கலாம். ஆனால் நாள்தோறும் இந்நாய்கள் வாழும் வாழ்க்கையைப் பார்ப்பவர்க்கு வேறொரு காரணமும் புலப்படும்.

சிறிய நாயை யாரும் கேட்பதில்லை, தூக்கிவிடுகிறார்கள். வேண்டாம் என்பதற்கு அதனிடம் பல மெல்லிய சொற்கள் உண்டு: முகத்தைத் திருப்புதல், பசியின்றியே உதட்டை நக்குதல், கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்த்தல், உடல் விறைத்து அசைவற்றுப் போதல், இறுதியாக உறுமல். முப்பது கிலோ நாய் இவற்றுள் ஒன்றைச் சொன்னால் கை தானாக நின்றுவிடும். மூன்று கிலோ நாய் ஐந்தையும் சொன்ன பின்னும் மேலிருந்து இறங்கும் கை நிற்பதில்லை. ஒருநாள் பல் படுகிறது, கை விலகுகிறது. மெல்லிய சொற்கள் எதுவும் பலிக்காத இடத்தில் பலித்த முதற்சொல் அது என்பதால், அடுத்த முறை நாய் அதையே முதலில் சொல்கிறது. ஆகவே தூக்குவதும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது: பக்கவாட்டில் தாழ அமர்ந்து, ‘தூக்கட்டுமா’ என்பதுபோல் எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, குட்டி உடலைத் தளர்த்தினாலோ நெருங்கி வந்தாலோ ஒரு கையை மார்புக்கு அடியிலும் மற்றதைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி, இறக்கிவிட்டதும் ஒரு தின்பண்டம் தருவது, முகம் திரும்பினால் அப்போதைக்குக் கையை மடக்கிக்கொள்வது.

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கி மூடிப் பிடிப்பது, மல்லாத்திப் போட்டு அமுக்குவது ஆகிய பழைய வைத்தியங்கள் இந்தச் சொற்களஞ்சியத்தையே அழித்துவிடுகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 2009இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர் பதிலுக்கு வன்மையே கிடைத்ததாகக் கூறினர். உறுமலுக்காக அடிவாங்கிய நாய் கடிப்பதை விட்டுவிடுவதில்லை. உறுமாமல் கடிக்கக் கற்றுக்கொள்கிறது. குட்டியைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதும் ஆகாது; சிறு இனங்களின் மூச்சுக்குழாய் எளிதில் பாதிக்கப்படக்கூடியது.

குட்டி கடிப்பதற்கு உடலைச் சார்ந்த காரணங்களும் உண்டு. நான்காம் மாதம் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும்போது ஈறு தினவெடுக்கும். நனைத்துக் குளிரூட்டிய துணியோ மெல்லும் பொம்மையோ அதற்குப் போதும். சிறு இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் புதிய பல்லோடு இரட்டையாக நின்றுவிடுவது அடிக்கடி காணப்படுவதால், ஆறு மாத அளவில் வாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மாலையில் வெறிபிடித்தாற்போல் கால்களைக் கவ்வும் குட்டிக்குப் பல நேரங்களில் தேவைப்படுவது பயிற்சியல்ல, தூக்கம்.

இவ்வளவையும் செய்யும்போது மறக்கக்கூடாத ஒன்று, வெறிநாய்க்கடி நோய்க்கான முதல் தடுப்பூசி பொதுவாகக் குட்டியின் மூன்றாம் மாத வாக்கில்தான் போடப்படுகிறது என்பது. கவ்வல் மிகுந்திருக்கும் வாரங்களும் தடுப்பூசி போடப்படாத வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன. விளையாட்டாகப் பட்ட பல்லாயினும், தோலில் கீறல் விழுந்தால் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘நம் வீட்டுக் குட்டிதானே’ என்ற எண்ணம் இங்கும் சிறுமையைக் கண்டு ஏமாறுவதுதான்.

பயிற்சி எப்போது முடிந்தது என்பதற்குப் பயிற்றுநர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் அளவுகோல் குட்டியின் வாயை மட்டும் பார்ப்பதில்லை. உறங்கிக்கொண்டிருக்கும் குட்டியைக் கொஞ்ச நீளும் குழந்தையின் கை, அது கண்விழித்து முகத்தைத் திருப்பியதும் பாதி வழியில் நின்று மடங்குமானால், குட்டியும் தலையைக் கால்களுக்கிடையே வைத்து மறுபடி கண்ணை மூடிக்கொள்ளுமானால், அந்த வீட்டுக்குப் பயிற்றுநர் மீண்டும் வர வேண்டிய தேவை இராது.